மண்ணுக்கு முகம் தந்தவர்

நம் பாட்டிமார் ஊறுகாய் போட்டு வைக்கும் ஜாடியை நாம் எல்லோரும் அறிவோம். கல்லைப் போன்ற உறுதியான உடல்; ஆண்டுக்கணக்கில் உப்பும் புளிப்பும் கிடந்தாலும் அரித்துப் போகாத வழவழப்பு; தலையிலே ஒரு மூடி. அந்த ஜாடி ஒரு நாள் நம்மைத் திரும்பிப் பார்த்தால் எப்படி இருக்கும்? அதன் மூடி ஒரு பறவையின் தலையாக மாறி, அந்தத் தலையிலே வழக்கை வென்ற வக்கீலின் பெருமிதமும், கடன் கொடுத்தவரின் சந்தேகமும், காலையில் எழ மனமில்லாத மாணவனின் சோம்பலும் வந்து குடியேறினால் எப்படி இருக்கும்?

அத்தகைய ஜாடிகளை ஒருவர் உண்மையாகவே செய்தார். அவர் பெயர் ராபர்ட் வாலஸ் மார்ட்டின். அவரும் அவருடைய தம்பியர் மூவரும் சேர்ந்து இங்கிலாந்தில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுக் காலம் ஒரு மண்பாண்டத் தொழிற்கூடம் நடத்தினார்கள். இன்று அவர்கள் செய்த கலங்கள் இலண்டன் மாநகரின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஏலத்துக்கு வந்தால், கையடக்கமான ஒரு பறவைக்குக்கூடப் பல ஆயிரம் பவுன் விலை ஏறுகிறது. ஆனால், அவற்றைச் செய்த கைகளோ வாழ்நாள் முழுவதும் பணமுடையோடு போராடிய கைகள்.

இவர்களுடைய வரலாற்றை வெற்றிக் கதை என்றும் சொல்ல முடியாது. தோல்விக் கதை என்றும் சொல்ல முடியாது. நான்கு சகோதரர்கள் ஒன்றுபட்டு நின்றதால் விளைந்த பெருமை ஒரு பாதி. தாம் அறிந்ததைத் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டதால் நேர்ந்த இழப்பு மறு பாதி. இரண்டையும் அறிந்துகொள்வது, கற்பதையே தொழிலாகக் கொண்ட நமக்குப் பயன் தரும்.

கல்லில் பழகிய கை

வாலஸ் மார்ட்டின் 1843-ஆம் ஆண்டில் இலண்டனில் பிறந்தார். உடன்பிறந்த நால்வரில் அவரே மூத்தவர். செல்வக் குடும்பம் அன்று. பிள்ளைகள் விரைவிலேயே உழைத்துச் சம்பாதிக்க வேண்டிய நிலை. வாலஸின் கை முதலில் பழகியது மண்ணில் அன்று, கல்லில்.

பிரிட்டிஷ் பாராளுமன்றக் கட்டடம் 1834-ஆம் ஆண்டில் தீக்கிரையாயிற்று. அதன் இடத்தில் சார்லஸ் பாரி என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி புதிய மாளிகை எழுந்தது. ஐரோப்பாவின் இடைக்காலக் கோயில்களைப் போன்ற கோதிக் பாணியில் அமைந்த மாளிகை அது. சுவர், தூண், கூரை, மூலை என்று எங்கு நோக்கினும் சிற்ப வேலை. அந்த வேலையில் பங்குகொண்ட இளைஞர்களுள் வாலஸும் ஒருவர். இடைக்காலச் சிற்பிகள் கோயிற் கூரையின் விளிம்புகளிலே கோர முகங்களையும் விந்தை விலங்குகளையும் செதுக்கி வைத்தார்கள். மழைநீர் அவற்றின் வாய் வழியே வெளியே கொட்டும். அச்சமும் சிரிப்பும் கலந்த அந்த முகங்கள் இளைஞர் வாலஸின் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டன. பிற்காலத்தில் அவர் செய்த பறவைகளின் முன்னோரைத் தேடினால் அந்தக் கல் முகங்களிடம்தான் போய்ச் சேர வேண்டும்.

பகலில் வேலை; மாலையில் படிப்பு. தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் லாம்பெத் என்னும் பகுதியில் இருந்த ஓவியப் பள்ளியில் அவர் சேர்ந்தார். பிறகு ராயல் அகாடெமியின் பள்ளியிலும் சிற்பம் பயின்றார். அலெக்சாண்டர் மன்ரோ என்னும் சிற்பியிடம் உதவியாளராகவும் இருந்தார். உலகம் போற்றும் சிற்பியாக வேண்டும் என்பதே அவருடைய கனவு. ஆனால், பளிங்குக் கல்லுக்கு விலை அதிகம். பெயர் இல்லாத சிற்பிக்கு வேலை கொடுப்பவர் குறைவு. கனவுக்கும் வயிற்றுக்கும் இடையே இருந்த அந்த இடைவெளியில்தான் மண் வந்து நுழைந்தது.

சாக்கடைக் குழாயிலிருந்து கலைக்கு

லாம்பெத் பகுதியில் டூல்டன் என்னும் பெரிய மண்தொழிற்சாலை இருந்தது. அதன் செல்வத்துக்கு அடிப்படை அழகுப் பாண்டம் அன்று, சாக்கடைக் குழாய். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் நகரங்கள் கழிவுநீர் வசதி தேடியபோது, நீர் கசியாத, அமிலத்துக்கு அஞ்சாத கல்மண் குழாய்களை ஹென்றி டூல்டன் மிகுதியாகச் செய்து விற்றார். லாம்பெத் ஓவியப் பள்ளியின் தலைவர் ஜான் ஸ்பார்க்ஸ் அவரை அணுகி, அதே மண்ணில், அதே சூளையில் கலைப்பொருள்களையும் செய்யலாமே என்று தூண்டினார். தொழிலதிபர் முதலில் தயங்கினார், பிறகு இசைந்தார். பள்ளியின் மாணவர் பலருக்கு அந்தத் தொழிற்சாலையில் இடம் கிடைத்தது.

அவர்களுள் ஒருவர் ஜார்ஜ் டின்வொர்த். வாலஸ் பிறந்த அதே 1843-இல் பிறந்தவர், உடன் பயின்றவர், நண்பர். டின்வொர்த் டூல்டன் நிறுவனத்தில் சேர்ந்தார். 1913-இல் இறக்கும்வரை அங்கேயே பணிபுரிந்தார். பெயரும் வந்தது, சம்பளமும் வந்தது. வாலஸ் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். ஒரு முதலாளியின் கீழ் வேலை செய்வதைவிடத் தம் சொந்தக் கூடத்தில் தம் விருப்பப்படி வனைவதே மேல் என்று எண்ணினார். உரிமை கிடைத்தது, அமைதியான வாழ்வு கிடைக்கவில்லை. இரு நண்பர்களின் வாழ்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எவர் சிறந்தவர் என்று முடிவு கட்டுவது எளிதன்று.

நால்வர்

1873-ஆம் ஆண்டில் இலண்டனின் புலம் என்னும் பகுதியில் வாலஸ் தம் தொழிலைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பது. புலம் பகுதிக்கு மண்தொழிலில் நெடிய வரலாறு உண்டு. பதினேழாம் நூற்றாண்டிலேயே ஜான் டுவைட் என்பவர் அங்கே கல்மண் பாண்டங்களைச் செய்து புகழ் பெற்றார். வாலஸுக்குத் தொடக்கத்தில் சொந்தச் சூளை இல்லை. பிறர் சூளையில் இடம் கேட்டுச் சுட வேண்டியிருந்தது. தம் பாண்டங்களைப் பிறர் நெருப்பில் வைத்துவிட்டுக் காத்திருப்பது அவருக்கு எத்தனை துன்பமாக இருந்திருக்கும்!

1877-ஆம் ஆண்டில் சகோதரர்கள் சவுத்தால் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தனர். அப்போது அது இலண்டனுக்கு மேற்கே இருந்த ஒரு சிற்றூர். அங்கே கால்வாய்க் கரையில் கைவிடப்பட்ட சோப்புத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கே சூளை கட்டினார்கள். கால்வாய் இருந்ததால் மண்ணையும் நிலக்கரியையும் படகில் கொண்டுவந்து இறக்குவது எளிதாயிற்று.

அந்த ஆண்டில் மூத்தவர் வாலஸுக்கு வயது 34; சார்லஸுக்கு 31; வால்ட்டருக்கு 20; கடைக்குட்டி எட்வினுக்கு 17. இளையவர் இருவரும் டூல்டன் தொழிற்சாலையில் வேலை பார்த்துக் கைப்பழக்கம் பெற்றவர்கள். நால்வரும் வேலையைப் பகிர்ந்துகொண்ட முறை போற்றத்தக்கது. வாலஸ் உருவங்களைச் செய்தார். வால்ட்டர் சக்கரத்தில் அமர்ந்து வனைந்தார். பெரிய குடங்களையும் தயங்காமல் எழுப்பினார். வண்ணமும் மெருகும் சூளையும் அவர் பொறுப்பு. எட்வின், ஈரம் காயாத கலங்களின் மேனியில் மீன்களையும் பூக்களையும் பறவைகளையும் கடல்வாழ் உயிர்களையும் கீறி அழகு செய்தார். சார்லஸ் கடையைப் பார்த்துக்கொண்டார். இலண்டனின் ஹோபர்ன் பகுதியில் பிரவுன்லோ தெருவில் அந்தக் கடை இருந்தது.

தொழிற்சாலைகளில் ஒரு குவளை பல கைகளைக் கடந்து வெளியே வரும். எந்தக் கையின் பெயரும் அதில் இராது. மார்ட்டின் சகோதரர்களின் கூடத்தில் மண்ணைப் பிசைவதிலிருந்து விற்பதுவரை எல்லாம் குடும்பத்தின் பொறுப்பு. கலைஞரே வடிவத்தை எண்ணி, கலைஞரே செய்து, கலைஞரே சுட்டுத் தம் பெயரைப் பொறிக்கும் முறையை இருபதாம் நூற்றாண்டில் கலைக்கூட மண்தொழில் என்று பெருமையாகப் பேசினார்கள். இங்கிலாந்தில் அதற்கு வழிகாட்டியவர்கள் என்று வரலாற்று ஆசிரியர்கள் இவர்களைத்தான் சுட்டுகிறார்கள்.

உப்பும் நெருப்பும்

இவர்கள் கையாண்ட முறைக்கு உப்பு மெருகு என்று பெயர். அறிவியல் மாணவர்களுக்கு இது சுவையான செய்தி. சாதாரணப் பானை ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் வெந்துவிடும், அதன் உடலில் நுண்ணிய துளைகள் இருக்கும், நீர் கசியும். கல்மண் பாண்டத்துக்கு 1,200 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தில் மண் இறுகிக் கல்லாகிவிடுகிறது. சூளை உச்ச வெப்பத்தை எட்டும் வேளையில், நாம் சோற்றுக்குப் போடும் அதே உப்பை அள்ளி நெருப்புக்குள் எறிவார்கள். உப்பு உடனே ஆவியாகிப் பிரியும். அதிலுள்ள சோடியம், மண்ணிலுள்ள மணற்சத்தோடு கூடிப் பாண்டத்தின் மேனியில் கண்ணாடி போன்ற மெல்லிய தோலாகப் படியும். எஞ்சிய பகுதி காரமான அமிலப் புகையாகப் புகைபோக்கி வழியே வெளியேறும். ஆரஞ்சுப் பழத்தின் தோலைப் போலச் சிறு சிறு புள்ளிகள் நிறைந்த அந்த மெருகைப் பார்த்தவர் மறக்க மாட்டார்.

சொல்வது எளிது; செய்வது அரிது. அவர்கள் கலந்த வண்ணங்கள் பழுப்பு, நீலம், சாம்பல், பச்சை, மங்கிய மஞ்சள் முதலியன. அவற்றுள் எந்த வண்ணம் நெருப்பில் எப்படி மாறும் என்பது வால்ட்டரின் அனுபவத்துக்கு மட்டுமே தெரியும். அந்த அனுபவமும் சில வேளை ஏமாற்றிவிடும். சூளையோ பெரியது. பல மாத உழைப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் அதற்குள் அடுக்கிச் சுட வேண்டும். காற்று திசை மாறினால் போதும்; வெப்பம் ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறைந்துவிடும். நெருப்பு தணிந்து, சூளை ஆறி, வாயிலைத் திறக்கும்போது சில வேளை உள்ளே ஓர் அழகுக் கண்காட்சி இருக்கும். சில வேளை வளைந்தும் வெடித்தும் கருகியும் கிடக்கும் குவியல் இருக்கும். நம் தேர்வு முடிவுகளுக்காவது ஒரு மறுதேர்வு உண்டு. அவர்களுக்கு அடுத்த சூளைவரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

இந்த நிலையற்ற தன்மைதான் அவர்களை ஏழைகளாகவே வைத்திருந்தது. அதுவே அவர்களுடைய கலங்களுக்கு உயிரையும் தந்தது. ஒன்றைப் போல மற்றொன்று இல்லை. அதே வடிவம், அதே வண்ணம் என்று நூறு உருப்படிகளைத் தருவது அந்தக் கூடத்துக்கு இயலாத செயல். விருப்பமும் இல்லாத செயல்.

வாலி பறவைகள்

1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வாலஸ் பறவை வடிவ ஜாடிகளைச் செய்யத் தொடங்கினார். அவருடைய பெயரைச் சுருக்கி அவற்றை வாலி பறவைகள் என்று மக்கள் அழைத்தனர். நம் இராமாயண வாலிக்கும் இவற்றுக்கும் தொடர்பு இல்லை. ஆயினும், எதிரில் நிற்பவரின் வலிமையில் பாதியை வாங்கிக்கொள்ளும் திறம் இவற்றுக்கும் உண்டு என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அந்தப் பார்வையின் முன் யாருக்கும் சற்றே மிடுக்குக் குறைந்துவிடும்!

புகையிலை வைப்பதற்கான ஜாடி என்பது அவற்றின் பயன். தலையைத் தூக்கினால் ஜாடி திறந்துகொள்ளும். தலையைச் சிறிது திருப்பி வைத்தால் பறவையின் குணமே மாறிவிடும். நேரே வைத்தால் நீதிபதி. பக்கவாட்டில் வைத்தால் வதந்தி கேட்கும் பக்கத்து வீட்டுக்காரர். பாதி மூடிய இமை, தடித்த அலகு, எதையோ மறைத்துக்கொண்ட புன்னகை, பெரிய கால்கள். ஆந்தையும் கழுகும் கிளியும் மனிதனும் கலந்த பிறவிகள் அவை. அக்காலத்து அரசியல் தலைவர்களின் சாயலையும் வழக்கறிஞர்களின் சாயலையும் மக்கள் அவற்றில் கண்டு மகிழ்ந்தார்கள்.

பறவைகள் மட்டும் அல்ல. இரு பக்கமும் சிரிக்கும் மனித முகம் கொண்ட குடுவைகள், வாயைப் பிளந்து நிற்கும் பெயரில்லாத விலங்குகள் ஆகியவற்றையும் வாலஸ் செய்தார். அந்த வாய்க்குள் வெந்நீரை ஊற்றிக் கரண்டிகளைச் சூடாக வைத்துக்கொள்ளலாம். வாலஸ் சமயப் பற்று மிக்கவர். அத்தகைய ஒருவரின் விரல்களிலிருந்து இத்தனை குறும்பு எப்படிப் பிறந்தது என்று வியப்பவர் உண்டு. வியப்புக்கு இடமில்லை. மனிதரின் குறைகளைக் கூர்ந்து நோக்கியவர் அவர். நோக்கியவற்றை மேடையேறிக் கண்டிக்காமல் மண்ணில் பிடித்து வைத்துச் சிரித்தார்.

எட்வினின் கலை வேறு வகையானது. 1890-களின் இறுதியிலிருந்து அவரும் வால்ட்டரும் சுரைக்காய், பூசணி, விதை, மீன் தோல் போன்ற இயற்கை வடிவங்களை நோக்கித் திரும்பினார்கள். ஜப்பானியப் பாண்டங்களின் எளிமை அவர்களைக் கவர்ந்திருந்தது. கையளவே உள்ள அந்தச் சிறு கலங்கள் ஆரவாரம் அற்றவை. பறவைகளைப் பார்த்துச் சிரித்தவர்கள் இவற்றின் முன் அமைதியாக நின்றார்கள். சிட்னி கிரீன்ஸ்லேட் என்னும் கட்டடக் கலைஞர் இந்தப் புதிய போக்குக்கு ஊக்கம் அளித்த நண்பர். வேல்ஸ் நாட்டின் தேசிய நூலகக் கட்டடத்தை வடிவமைத்தவர் அவர். எர்னஸ்ட் மார்ஷ் என்னும் சேகரிப்பாளரும் சகோதரர்களின் கலங்களை விரும்பி வாங்கினார். இத்தகைய சிலருடைய அன்பு இல்லாதிருந்தால் சூளை இன்னும் விரைவிலேயே அணைந்திருக்கும்.

விற்க மனமில்லாத வணிகர்

நால்வரில் சார்லஸின் கதைதான் நெஞ்சை உருக்குவது. கடையை நடத்துவது அவர் கடமை. ஆனால், உடன்பிறந்தவர்கள் செய்த கலங்கள்மேல் அவர் வைத்த அன்பு வணிகரின் அன்பு அன்று. மிக அழகிய கலம் ஒன்று சவுத்தாலிலிருந்து வந்துவிட்டால் அதைப் பிறர் கையில் கொடுக்க அவருக்கு மனம் வராது. வாங்க வந்தவருக்கு இரண்டாந்தரப் பொருளைக் காட்டுவார். சிறந்தவற்றைக் கடையின் தரைப் பலகைகளுக்கு அடியில் ஒளித்து வைப்பார். அங்கே சவுத்தாலில் நிலக்கரி வாங்கப் பணம் இல்லை. இங்கே பணமாகக்கூடிய பொருள் பலகைக்கு அடியில் உறங்கிக்கொண்டிருந்தது.

1903-ஆம் ஆண்டில் அந்தக் கடையில் தீப்பிடித்தது. கடையும் அதில் இருந்த கலங்களும் அழிந்தன. சூளையின் நெருப்பில் பிறந்து கல்லாகி நின்றவை, மற்றொரு நெருப்பில் மடிந்தன. சார்லஸ் அந்த அதிர்ச்சியிலிருந்து மீளவே இல்லை. மனம் தடுமாறிற்று. ஏழு ஆண்டுகள் துன்புற்று 1910-இல் மறைந்தார். அவர் அவற்றை விற்றிருந்தால் கலங்களும் எங்கோ ஒரு வீட்டில் பிழைத்திருக்கும். குடும்பமும் சற்றே மூச்சு விட்டிருக்கும். அன்பினால் செய்த பிழை அது. அதனால்தான் அவரைக் குறை சொல்லவும் நமக்கு வாய் வருவதில்லை.

அணைந்த சூளை

அடுத்த அடி 1912-ஆம் ஆண்டில் விழுந்தது. வால்ட்டர் இறந்தார். மண்ணின் கலவை, வண்ணத்தின் அளவு, சூளையின் போக்கு எல்லாம் அவருடைய அறிவில் இருந்தன. அவர் இறந்தபோது அந்த அறிவின் பெரும்பகுதியும் அவரோடு போயிற்று. தம் முறைகளைப் பிறர் அறிந்து பயன்படுத்திக்கொள்வர் என்னும் அச்சம் அந்தக் குடும்பத்தில் எப்போதும் இருந்தது. ஆகவே தொழிலின் நுட்பங்களை வெளியாருக்குச் சொல்லவில்லை. அவற்றைத் தொடர்ந்து கொண்டுசெல்லும் மாணவர் வரிசை ஒன்றை உருவாக்கவும் இல்லை. இருந்த சகோதரர்கள் முயன்றார்கள். பழைய மெருகு வரவில்லை. 1914-ஐ ஒட்டித் தொழில் நின்றுவிட்டது. 1915-இல் எட்வினும் புற்றுநோயால் மறைந்தார்.

மூத்தவர் வாலஸ் தனித்து நின்றார். தம்மைவிட இளையவர் மூவரையும் இழந்த அவர், மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். உருவம் செய்யும் கை அவரிடம் இருந்தது. வனையும் கையும் அழகு செய்யும் கையும் விற்கும் கையும் போய்விட்டன. 1923-ஆம் ஆண்டில், எண்பதை ஒட்டிய வயதில், அவரும் இவ்வுலக வாழ்வை முடித்துக்கொண்டார்.

அவர் இறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1920-இல், பெர்னார்டு லீச் என்பவர் இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் செயின்ட் ஐவ்ஸ் என்னும் கடற்கரை ஊரில், ஜப்பானிய நண்பர் ஹமாடா ஷோஜியோடு ஒரு மண்தொழிற்கூடம் தொடங்கினார். அவரும் கலைஞர், அவரும் சூளையோடு போராடியவர். ஆனால், அவருடைய கூடத்துக்குப் பல நாட்டு இளைஞர்கள் வந்து பயின்றார்கள். மண்ணின் கலவை, மெருகின் அளவு, சூளை கட்டும் முறை எல்லாவற்றையும் விளக்கி 1940-இல் அவர் ஒரு நூலும் வெளியிட்டார். தலைமுறை தலைமுறையாக மண்தொழிலாளர் அதைப் படித்தார்கள். மார்ட்டின் சகோதரர்களிடம் இல்லாத எதுவும் லீச்சிடம் இல்லை, ஒன்றைத் தவிர. அவர் கதவைத் திறந்து வைத்திருந்தார்.

தேடுவோர் கண்ணில்

மார்ட்டின் கலங்களைத் தேடிச் சேகரிப்போர் இன்று பல நாடுகளில் இருக்கின்றனர். பறவைகளுக்குத்தான் விலை அதிகம். பெரிய பறவைகள் பல பத்தாயிரம் பவுனுக்கு விற்பதுண்டு. பொருளின் பழைமையைக் கண்டறிய அவர்களுக்கு உதவுவது சகோதரர்கள் கைக்கொண்ட ஒரு நல்ல பழக்கம். கலம் ஈரமாக இருக்கும்போதே அதில் பெயரையும் ஊரையும், பெரும்பாலும் மாதத்தையும் ஆண்டையும் கீறிவிடுவார்கள். தொடக்கத்தில் மூத்தவர் பெயர் மட்டும் இருக்கும். 1880-களில் சகோதரர்கள் என்னும் சொல்லும் சேர்ந்துகொண்டது. இலண்டன், சவுத்தால் என்னும் இரண்டு ஊர்ப் பெயர்களும் சேர்ந்து இருந்தால், கடையும் கூடமும் இரண்டும் இயங்கிய காலத்துக் கலம் என்று கொள்ளலாம்.

பறவை ஜாடியில் தலையிலும் உடலிலும் தனித்தனியே பெயர் பொறித்திருக்கும். அறிந்தவர்கள் முதலில் தலையைத் தூக்கி அந்த இரண்டு எழுத்துகளையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஆண்டு ஒத்துப்போனால் மகிழ்ச்சி. ஒத்துப்போகாவிட்டால் வேறொரு பறவையின் தலை வந்து அமர்ந்திருக்கிறது என்று பொருள். அலகு உடைந்து ஒட்டியதா, அடியில் உள்ள கறுப்பு மரப்பீடம் பழையதா என்றும் நோக்குகிறார்கள். பிற்காலத்தில் அவற்றைப் பின்பற்றிச் செய்த பறவைகளும் உண்டு. ஆகையால், பணம் உடையவருக்குக் கண்ணும் வேண்டும்.

வாங்க முடியாத நம்மைப் போன்றவர்களுக்கு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. எர்னஸ்ட் மார்ஷ் தாம் சேர்த்த கலங்களைக் கிங்ஸ்டன் நகர அருங்காட்சியகத்துக்கு அளித்துவிட்டார். தாம் நேசித்ததைப் பலகைக்கு அடியில் ஒளித்தார் சார்லஸ். தாம் நேசித்ததை ஊரார் பார்வைக்கு வைத்தார் மார்ஷ். இருவருடைய நேசமும் ஒன்றுதான். நிலைத்தது எது என்பது நம் கண்முன் இருக்கிறது.

சவுத்தால் இன்று சிற்றூர் அன்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பஞ்சாபி மக்கள் பெருவாரியாகக் குடியேறிய இடம் அது. சகோதரர்களின் கூடம் இருந்த ஹேவ்லாக் சாலைப் பகுதியில் 2003-ஆம் ஆண்டில் ஒரு பெரிய குருத்வாரா திறக்கப்பட்டது. நம் விடுதியில் உடன் பயிலும் பஞ்சாபி நண்பர்களில் சிலருக்கு அந்த ஊரில் உறவினர் இருக்கக்கூடும். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்தக் கால்வாய்க் கரையில் ஒரு காலத்தில் உப்புப் புகை எழுந்தது என்பதும், அந்தப் புகையின் நடுவே நான்கு சகோதரர்கள் விழித்திருந்தார்கள் என்பதும் அவர்களுக்கும் புதிய செய்தியாக இருக்கலாம்.

நம் வகுப்பில் ஒருவர் எழுதிய குறிப்பேட்டை மற்றவருக்குக் கொடுக்கத் தயங்கும் வேளை நமக்கும் வருவதுண்டு. அந்த வேளையில் அணைந்துபோன சவுத்தால் சூளையைச் சற்றே நினைத்துக்கொள்வோம். வால்ட்டரின் கையில் ஒரு குறிப்பேடும் பக்கத்தில் ஒரு மாணவனும் இருந்திருந்தால், அந்த நெருப்பு இன்னும் நெடுங்காலம் எரிந்திருக்கும்.